வடிவாய்ப் பார்த்தல்

துணுக்காயில் மழை பிடித்தால் முதலில் போவது கரண்ட்,
பிறகு சிக்னல்.
இரண்டும் போகுமுன்
கருங்காலிமோட்டைக் குளத்தின் விக்கிப் பக்கத்தை
ஒருக்கால் திறந்தேன்.

எல்லாம் சரியாய்த்தான் கிடந்தது.
அலைகரை, அணைக்கட்டின் நீளம், வான் பாயும் மாதம்.
கடைசித் தொகுப்பு வளவனுடையது, நேற்றிரவு.
சுருக்கம்: 'தூசணம் நீக்கம். இப்போது சுத்தம்.'

சுத்தம்தான்.
கட்டு உடைந்த மார்கழியில்
விடியும்வரை மண்மூட்டை அடுக்கிய பதினொரு பேரும்
சுத்தமாய் இல்லை.

வளவனில் பிழை இல்லை.
வாசலில் கிடந்த சாணியை வழித்து எறிந்தான்,
உள்ளே என்ன குறையுதென்று பார்க்கவில்லை.
அந்த ஒற்றைச் சொல் குந்தியிருந்தது
பதினொரு பெயரைத் தள்ளிவிட்ட இடத்தில் என்று
வரலாற்றைத் திறந்தால்தானே தெரியும்.

திறந்தேன்.
பெயரில்லாத ஒரே இலக்கம், மூன்று தடவை.
9.14க்குப் பெயர்களை அழித்துத் தூசணம்.
9.16க்கு 'துருசு மூன்று' முப்பதாகிவிட்டது.
9.31க்கு மீன் பட்டியலில்
யப்பானுக்கும் விராலுக்கும் நடுவில்
'டிலுக்சன்' என்றொரு மீன்.
சிரித்துவிட்டேன். அதையும் சொல்லத்தான் வேணும்.

பகலில் எனக்கு வேலை மிதிவெடி எடுக்கிறது.
ஒன்று அகப்பட்டால் முழங்காலைத் தட்டிவிட்டு எழும்ப ஏலாது.
அகப்பட்ட ஒன்று
அங்கே ஒரு கை வந்துபோனதற்கு அத்தாட்சி,
அவ்வளவுதான்.
தூசணம் கத்தும். முப்பது கத்தாது,
புல்லுக்குள் கிடக்கும்
ஆரோ ஒரு பிள்ளை அதை நம்பி
ஒப்படை எழுதும்வரை.

முந்தாநாள் பதிப்புக்கு மீளமைத்தால்
ஒரு சொடுக்கில் முடிந்திருக்கும்.
ஆனால் 9.22க்கு,
நாசத்துக்கும் நாசத்துக்கும் நடுவில்,
'காட்டாமணக்கு' என்றொரு பயனர் வந்து
ஒரு வரி சேர்த்திருக்கிறார்:
'ஆவணியில் நீர் வற்றும்போது மஞ்சள் மூக்கு நாரைகள் இறங்கும்.'
தானே எடுத்த படம், திகதியோடு.
சுத்திவர நடந்த எதையும் அவர் காணவில்லை.
நாரையை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

ஒரேயடியாய்ப் பின்னுக்குப் போனால் நாரையும் போகும்.
ஆகவே கையால்.
பழைய பதிப்பிலிருந்து அந்தப் பந்தியை அப்படியே எடுத்தேன்,
கமக்காரர் அமைப்புக் குறிப்பேட்டின் பக்க இலக்கத்தோடு:
ஏரம்பு, பொன்னுக்கண்டு, மரியாம்பிள்ளை,
இரண்டு வேலாயுதம்,
அன்னமுத்து, அவளுடைய தம்பி என்று மட்டும் ஒருவன்...
எண்ணினேன். பதினொன்று.
திரும்ப எண்ணினேன்.
முப்பதை மூன்றாக்கினேன்.
டிலுக்சனைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கரையில் விட்டேன்.
நாரையைத் தொடவில்லை.

சுருக்கத்தில் 'காவாலி வேலை' என்று எழுதி
அழித்துவிட்டு
எதை எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தேன்,
ஆருடைய வரியை விட்டுவைத்தேன் என்று எழுதினேன்.
நாளைக்கு என்னையும் ஒருத்தர் சரிபார்க்க வேணுமே.

சேமிக்குமுன்
அதே இலக்கத்தின் மற்றப் பங்களிப்புகளையும் பார்த்தேன்.
ஒன்றே ஒன்று, இரண்டு மாதம் முந்தி:
ஒரு பள்ளிக்கூடப் பக்கத்தில்
அதிபரின் பெயரிலிருந்த எழுத்துப்பிழை.
சரியான திருத்தம். விட்டுவிட்டேன்.
வேறு ஆளாயும் இருக்கலாம்.
ஒரு கோபுரத்தின் கீழே எத்தனை விரல்.
இருந்தாலும் பேச்சுப் பக்கத்துக்கு ஒரு வரி யோசித்து வைத்தேன்:
'துருசு மூன்றுதான் தம்பி, அல்லது தங்கச்சி.
வந்து எண்ணிப் பார்க்கலாம்.'

சேமி.
வட்டம் சுற்றுகிறது.
கரண்ட் போய்விட்டது.
சிக்னலில் ஒரு கோடு வருகிறது, போகிறது.
போனை யன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி
மழை படாமல் மற்றக் கையால் மூடியபடி நிற்கிறேன்,
பதினொரு பேரோடும்
இன்னும் இறங்காத நாரைகளோடும்.